‘ரூமுக்கு வா’: நவரசு வழக்கும் முதலாண்டு மாணவரின் முதல் மூன்று மாதங்களும்

1996-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னதாக, புதன்கிழமை பிற்பகலுக்குப் பிறகு, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நவரசு யார் கண்ணிலும் படவில்லை. பண்டிகைக்கு வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை வரவில்லையே என்று பெற்றோர் தேடத் தொடங்கிய பிறகுதான் அவர் காணாமல் போனது ஒரு செய்தியாயிற்று. தந்தை பொன்னுசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பு வகித்தவர். நவம்பர் 14 அன்று அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் மன்னார்குடி நீதித்துறை நடுவர் முன்பு சரணடைந்தார். சென்னையில் ஒரு மாநகரப் பேருந்தில் சில நாட்களுக்கு முன்பு கண்டெடுக்கப்பட்டிருந்த அடையாளம் தெரியாத உடற்பகுதி நவரசுவினுடையது என்பது அதன் பிறகு தெரியவந்தது.

கொலை எப்படி நடந்தது என்பதைப் பற்றி அந்நாளையப் பத்திரிகைகள் தேவைக்கு மேலேயே எழுதித் தீர்த்துவிட்டன. இந்த ஆய்வு அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு முதலாண்டு மாணவர் மூத்தவர் ஒருவரோடு விடுதியில் தனியாக இருப்பது எப்படி எவருக்கும் கேள்வி எழுப்பாத, அன்றாட நிகழ்ச்சியாக இருக்க முடிந்தது என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி. கொலை ஒருவர் செய்த குற்றம். அந்தக் குற்றம் நடப்பதற்கான தனிமையை அமைத்துக் கொடுத்தது, தலைமுறை தலைமுறையாக எல்லோரும் சேர்ந்து காப்பாற்றி வந்த ராகிங் என்ற வழக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், ‘ஏதோ ஒரு மனநிலை பிறழ்ந்தவன் செய்தது, அதற்காக ராகிங்கையே குறை சொல்லலாமா’ என்ற வாதம் எளிதாகிவிடும். அந்த வாதத்தை அந்தக் காலத்தில் பல கல்லூரி விடுதிகளில் வெளிப்படையாகவே பேசினார்கள்.

வளாகத்தின் அமைப்பு

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியபோதே உறைவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டது. ஊருக்குள் கல்லூரி என்பதற்குப் பதிலாக, கல்லூரியே ஓர் ஊராக அமைந்தது. மருத்துவக் கல்லூரி அங்கே 1985-இல் சேர்ந்தது. இத்தகைய வளாகத்தில் வீட்டிலிருந்து வந்து போகும் டே ஸ்காலர்களின் எண்ணிக்கை குறைவு; பெரும்பாலானோர் விடுதியில்தான் இருப்பார்கள். வகுப்பு, சாப்பாடு, குளியல், விளையாட்டு, தூக்கம் அனைத்தும் ஒரே கூட்டத்தோடுதான். பதினேழு வயது வரை அம்மா எழுப்பி விட்டு எழுந்த பையனுக்கு, ஒரே வாரத்தில் வாழ்க்கையின் இருபத்து நான்கு மணி நேரமும் புது மனிதர்கள் கைக்குப் போய்விடுகிறது. 1996-இல் மாணவர்கள் கையில் செல்பேசி கிடையாது. வீட்டோடு பேச வேண்டுமானால் எஸ்டிடி பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கடிதம் எழுத வேண்டும். பண்டிகை விடுமுறையை ஒட்டி விடுதி காலியாகிக் கொண்டிருக்கும் நாட்களில் ஒருவர் கண்ணில் படவில்லை என்றால், ‘ஊருக்குப் போயிருப்பான்’ என்று நினைப்பதே இயல்பு என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

முதலாண்டு மாணவரின் நாளில் ஆபத்தான பகுதி வகுப்பு நேரத்தில் இல்லை. மாலை ஐந்து மணிக்கு வகுப்பும் ஆய்வகமும் முடிந்து, இரவு பத்து மணிக்கு விளக்கணைக்கும் வரை உள்ள ஐந்து மணி நேரம்தான் அது. அந்த நேரத்துக்கு நிர்வாகம் எந்தத் திட்டமும் வைத்திருக்காது. யாரோடு மெஸ்ஸுக்குப் போவது, எந்த மேசையில் உட்கார்ந்தால் வம்பில்லை, அனாட்டமி ரெக்கார்டில் எந்த நிறப் பென்சிலால் எதை வரைய வேண்டும், எந்தப் பேராசிரியர் வருகைப் பதிவில் கெடுபிடி என்பவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள அவருக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சீனியர் மட்டுமே. நிர்வாகம் காலியாக விட்ட இடத்தை வழக்கம் நிரப்பிக்கொண்டது என்பதைத் தவிர ராகிங்கின் தோற்றத்துக்கு வேறு பெரிய மர்மம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்ட்ரோ

இந்த வழக்கத்தின் அடிப்படை அலகு ‘இன்ட்ரோ’. கேட்பதற்கு அறிமுகம்தான். முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், ஒட்ட வெட்டிய முடி, மழித்த மீசையோடு ஜூனியர் நிற்க வேண்டும். சீனியரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தன் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். ‘தேர்ட் பட்டன்’ என்ற இந்த ஒற்றைக் கட்டளை இந்தியாவின் பல மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒரே மாதிரி இருந்தது. தலையைக் குனிந்து மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அதன் வேலை விளங்கும். பிடரி வலிக்கத் தொடங்கும். எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள் என்பது தெரியாது. அடுத்த நாள் அவர்களை வராந்தாவில் பார்த்தாலும் அடையாளம் சொல்ல முடியாது. கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் கட்டளை என்றே எல்லோரும் இதைச் சொல்வார்கள். நடைமுறையில் அது சாட்சியை அழிக்கும் கட்டளையாகவும் இருந்தது.

கேள்விகளுக்கும் ஒரு வரிசை உண்டு. பெயர் என்ன, எந்த ஊர், எந்தப் பள்ளி, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, கட் ஆஃப் எவ்வளவு, எந்தக் கோட்டாவில் சீட்டு, அப்பா என்ன செய்கிறார். வேடிக்கைக்குக் கேட்பதாகச் சொல்லப்படும் இந்த ஏழு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், எதிரே நிற்பவரின் சாதி, வர்க்கம், வட்டாரம், பின்புலம் அனைத்தும் ஐந்து நிமிடத்தில் கேட்பவர் கைக்கு வந்துவிடும். யாருக்குக் கேட்க ஆள் இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கணக்கு அன்றே முடிந்துவிடும். 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் ஒழுங்குமுறையைத் திருத்தி, சாதி, மதம், நிறம், பாலினம், தோற்றம், மொழி, வட்டாரம் ஆகியவற்றை முன்வைத்துச் செய்யும் உடல், மனத் துன்புறுத்தலையும் ராகிங் என்று சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இன்ட்ரோவின் கேள்வித்தாளைத்தான் காலம் கடந்து படித்துப் பார்த்தது.

ஆனால் இதில் கொடுக்கல் வாங்கலும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால், இத்தனை லட்சம் பேர் ஏன் இதைச் சகித்துக்கொண்டார்கள் என்பதற்கு விடை கிடைக்காது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவுடன் எலும்புத் தொகுப்பு வேண்டும். அது சீனியரிடமிருந்துதான் ஜூனியருக்குக் கைமாறும். அட்டைப்பெட்டிக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிய எலும்புகள், ஒவ்வொன்றிலும் முன்பு படித்தவர் கலர் பென்சிலால் போட்ட தசைகளின் கோடுகள் என்று அந்தப் பெட்டி வரும். கூடவே அடிக்கோடிட்ட பாடநூல், ஐந்தாண்டு வினாத்தாள், ‘இந்த எக்ஸ்டர்னல் வந்தால் இதைக் கேட்பார்’ என்று வெளியிலிருந்து வரும் தேர்வாளரைப் பற்றிய உளவுத் தகவல். பகலில் ‘குட் மார்னிங் சார்’ என்று விஷ் பண்ணாததற்காகத் திட்டிய அதே ஆள், ஜூனியருக்குக் காய்ச்சல் வந்தால் இரவில் மருந்து வாங்கி வந்து, கஞ்சிக்கும் ஏற்பாடு செய்வார். பலருக்கு இந்த இரண்டாவது பாதிதான் நினைவில் நிற்கிறது. இருபது ஆண்டு கழித்து பேட்ச் ஒன்றுகூடலில் முதல் பாதியையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 63 கல்லூரி மாணவியரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர, சிலர் மிகவும் கூச்சம் தரும் சொற்களை ஓர் ஆணின் முன்பு உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. சிலருக்கு லேசான சொற்கள். சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சலிப்பான உரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். அதிகம் கூசிப்போய் உள்ளே வந்தவர்களே அந்த உரையாடலை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பட்ட பாட்டுக்கு ஒரு நியாயம் வேண்டும் என்று மனம் தேடுகிறது. கிடைத்ததை உயர்த்திப் பார்த்துக்கொள்கிறது. ‘நாங்களும் பட்டோம், அதனால்தான் எங்கள் பேட்ச் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பாடுபட்டதால் ஒட்டினார்களா, பட்ட பாட்டை வீணென்று ஒப்புக்கொள்ள முடியாததால் ஒட்டியதாக நினைக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவர்கள் இல்லை என்பதுதான் சிக்கல்.

வராந்தாவும் அறையும்

வழக்கத்தின் ஆதரவாளர்கள் எப்போதும் கூட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். எல்லோரும் சேர்ந்து பாடியது, மொட்டை மாடியில் வரிசையாக நின்றது, மெஸ்ஸில் மேசை மீது ஏறி வசனம் பேசியது. இவற்றில் அவமானம் உண்டு. ஆனால் கண்களும் உண்டு. இருபது பேர் நிற்கும் வராந்தாவில் ஒருவன் எல்லை மீறினால், ‘விடுடா, போதும்’ என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். பெரும்பாலான விடுதிகளில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்ததால்தான் பெரும்பாலான ராகிங் வேடிக்கைக் கதையாக முடிந்தது.

‘ரூமுக்கு வா’ என்ற அழைப்பு அப்படிப்பட்டதில்லை. அங்கே கதவு இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் யார் என்பது வெளியே தெரியாது. போகும் ஜூனியருக்கு எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியாது, கேட்கவும் கூடாது. அவருடைய அறைத்தோழருக்கு, ‘சீனியர் கூப்பிட்டார்’ என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை. திரும்பி வரத் தாமதமானால் இரக்கப்படுவார்கள். தேடிக்கொண்டு போக மாட்டார்கள், ஏனென்றால் தேடிப் போனால் அவர்களும் உள்ளே இழுக்கப்படுவார்கள். முந்தைய ஆண்டுகளில் யாருக்கும் உயிர்ச்சேதம் ஏற்படாத ஆயிரக்கணக்கான அழைப்புகள் சேர்ந்து, ஒரு முதலாண்டு மாணவர் மூடிய கதவுக்குப் பின்னால் தன்னந்தனியாக ஒரு மூத்தவரின் பிடியில் இருப்பதை, விடுதி வாழ்க்கையின் சாதாரண ஒலிகளுள் ஒன்றாக ஆக்கிவிட்டன. நவரசு வழக்கில் அரசுத் தரப்பு முன்வைத்த காரணம், ராகிங்குக்குப் பணிய மறுத்ததால் விளைந்த கோபம் என்பது. அந்தக் கோபத்தை அந்த வழக்கம் உருவாக்கியதா என்று வாதிடலாம். அந்தக் கோபத்துக்கு ஆளரவம் இல்லாத ஓர் இடத்தை அது தயாராக வைத்திருந்தது என்பதில் வாதிட எதுவும் இல்லை.

மறுத்தவர் என்ற நிலையும் கவனிக்கத்தக்கது. பணிந்து போகும் ஐம்பது பேருக்கு நடுவே ஒருவர் மறுக்கும்போது, அவர் சீனியரை மட்டும் எதிர்க்கவில்லை. பணிந்துபோன தன் வகுப்புத் தோழர்களையும் சங்கடப்படுத்துகிறார். ‘இவன் ஒருத்தனால் எங்கள் எல்லோருக்கும் இரட்டைத் தண்டனை’ என்ற முணுமுணுப்பு கேட்கும். மறுப்பவர் மேலும் தனியாகிறார். மறுப்பு எவ்வளவு நியாயமானதோ, அந்தத் தனிமையும் அவ்வளவு ஆழமாகிவிடும் அமைப்பு இது.

நீதிமன்றங்களில் பதினான்கு ஆண்டுகள்

நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்கு என்பதால் சந்தர்ப்ப சாட்சியங்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டியிருந்தது. கடைசியாக இருவரையும் ஒன்றாகப் பார்த்தவர்களின் சாட்சியம், குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதன் பேரில் மீட்கப்பட்ட தடயங்கள், இறந்தவரை அடையாளம் காண நடந்த மரபணுச் சோதனையும் மண்டையோட்டு ஒப்பீட்டுச் சோதனையும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். சரணடைந்த அந்த மூத்த மாணவருக்குக் கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச் 11 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2001 அக்டோபர் 5 அன்று, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்று விடுதலை செய்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 20 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து தண்டனையை மீட்டது.

நவரசுவோடு முதலாண்டில் சேர்ந்தவர்கள் அதற்குள் படிப்பை முடித்து, பயிற்சி மருத்துவர்களாகி, மேற்படிப்பும் முடித்து, சொந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதுக்கு வந்திருப்பார்கள். ஒரே சாட்சியங்களை வைத்து இரண்டு நீதிமன்றங்கள் குற்றவாளி என்றும், ஒன்று இல்லை என்றும் சொல்ல நேர்ந்ததற்கு, சட்டநுணுக்கங்களுக்கு அப்பால், விடுதியின் தன்மையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். நூற்றுக்கணக்கானோர் வாழும் கட்டடத்தில் நடந்த ஒன்றுக்கு நேரடிச் சாட்சி ஒருவர்கூட இல்லாமல் போவது, பார்க்காதே, கேட்காதே, தலைகுனிந்து நில் என்று பழக்கப்படுத்தும் இடத்தில் வியப்பில்லை.

ஆறு வாரத்தில் ஒரு சட்டம்

நீதிமன்றங்கள் மெதுவாகப் போயின. சட்டமியற்றியவர்கள் வேகமாக நடந்தார்கள். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-இல் ஏழாவது சட்டமாக நிறைவேறி, 1996 டிசம்பர் 19 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. நவம்பர் 6-இலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஆறு வாரம். இந்தியாவில் ராகிங்குக்கென்றே தனியாக வந்த மாநிலச் சட்டங்களில் இது மிக முந்தையவற்றுள் ஒன்று. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது என்ற தடை ஆகியவை அதில் உண்டு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார்.

அதன் வரையறையில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. சாதாரண நிலையில் ஒரு மாணவர் விருப்பத்தோடு செய்யமாட்டாத செயலை அவரைச் செய்யச் சொல்வதும் ராகிங் என்கிறது அது. அடி, உதை எதுவும் தேவையில்லை; கேட்பதே போதும். ‘நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, அவனாகத்தான் ஆடினான்’ என்ற வழக்கமான பதிலுக்கு அந்தச் சொற்றொடர் முன்கூட்டியே கதவடைக்கிறது. முகம் சுளிக்காமல் ஆடியவரும் சாதாரண நிலையில் ஆடியிருக்க மாட்டார் என்பதை எழுதியவர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் செயலைப் பார்க்கிறது. புகார் வந்தால் மட்டுமே பார்க்கிறது. புகார் கொடுப்பதைத்தான் அந்த வழக்கம் முதல் நாளிலேயே மிகப் பெரிய துரோகமாகக் கற்பித்துவிடுகிறது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பாலும் ஏறக்குறைய இதே வரிசையில் நிகழ்வுகள் நடந்தன. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் முதலாண்டுத் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்ய வைக்கப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து 1997 அக்டோபரில் இறந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1975-இல் ராகிங்கிலிருந்து தப்ப விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமல் போனார். அப்போது வராத சட்டம், 1998-இல் 20-ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. ஈழத்தமிழில் இதற்குப் ‘பகிடிவதை’ என்று பெயர். பகிடி என்றால் வேடிக்கை. வதை என்பதற்கு விளக்கம் வேண்டாம். தமிழகத்தில் நாம் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அது வேடிக்கையா வதையா என்று அரை நூற்றாண்டு பட்டிமன்றம் நடத்தினோம். யாழ்ப்பாணத்துச் சொல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. அங்கும் நடைமுறை ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

2009: யாரும் படிக்காத நல்ல பக்கங்கள்

மத்திய அளவில் நகர்வு தாமதமாகத்தான் வந்தது. உச்ச நீதிமன்றம் 2001 மே மாதம் ஒரு பொதுநல வழக்கில் ராகிங்கை வரையறுத்து வழிகாட்டுதல்கள் கொடுத்தது. அவை காகிதத்தில் நின்றதால், சிபிஐ முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைகளை 2007 மே 16 அன்று நீதிமன்றம் ஏற்றது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் தண்டாவில் மருத்துவ மாணவர் அமன் கச்ரு மூத்த மாணவர்களால் தாக்கப்பட்டு இறந்த பிறகு, அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை வந்தது. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், ராகிங் தடுப்புக் குழு, பறக்கும் படை, 1800-180-5522 என்ற இலவச எண் ஆகிய எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுகள் இதிலிருந்து வந்தவை.

எனக்கு முக்கியமாகப் படுபவை அந்த ஒழுங்குமுறையின் வேறு நான்கு ஏற்பாடுகள். முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி விடுதிப் பகுதியில் வைக்க வேண்டும். ஆறு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி மூத்த மாணவர், அப்படிப்பட்ட ஆறு வழிகாட்டிகளுக்கு மேலே ஒருவர் என்று அடுக்கு அமைக்க வேண்டும். ஒவ்வொரு துறையிலும் மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, கூடுமானால் முதல் இரண்டு வாரத்துக்குள், வரவேற்பு விழா நடத்த வேண்டும். முதல் மூன்று மாதம், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, பெயர் கேட்காத கருத்தறிதலை முதலாண்டு மாணவர்களிடம் நடத்த வேண்டும்.

இவை தண்டனைகள் இல்லை. சமூக வாழ்க்கையின் வடிவத்தைத் தொடுபவை. தனி விடுதி, ‘ரூமுக்கு வா’ என்ற அழைப்பின் தூரத்தை நீட்டுகிறது. வேறொரு கட்டடத்துக்குப் போக வேண்டுமானால் வாயிலைத் தாண்ட வேண்டும், வாயிலில் ஓர் ஆள் இருப்பார். ஆறுக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கு, எலும்புப் பெட்டியும் வினாத்தாளும் மிரட்டல் இல்லாத வழியில் கைமாற ஒரு பாதையைத் திறக்கிறது. அதைவிட, இந்த ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கவலைப்பட வேண்டிய பெயருள்ள ஒருவரை உருவாக்குகிறது. இரண்டு வாரக் கெடுவுக்கும் பொருள் உண்டு. பழைய வழக்கத்தில் ஃபிரெஷர்ஸ் டே என்பது பல மாத ராகிங்குக்குப் பிறகு கிடைக்கும் விடுதலை நாள். அதுவரை ஜூனியர் ஆள் இல்லை. விழாவை முன்னே கொண்டுவந்தால், காத்திருந்து சம்பாதிக்க வேண்டியதாக இருந்த தகுதி முதலிலேயே கைக்கு வந்துவிடுகிறது. மிரட்டுவதற்குப் பிணையாக வைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை.

பெரும்பாலான கல்லூரிகள் இந்த ஒழுங்குமுறையிலிருந்து எடுத்துக்கொண்டது உறுதிமொழிப் பத்திரத்தையும், வாயிலில் கட்டும் பேனரையும், கண்காணிப்புக் கேமராவையும்தான். காரணம் எளிது. பத்திரத்தைக் கோப்பில் வைத்து ஆய்வுக்கு வருபவரிடம் காட்டலாம். ஆறு பேருக்கு ஒருவர் உண்மையிலேயே இரவில் கதவைத் தட்டி ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டாரா என்பதைக் காட்டக் கோப்பு கிடையாது. வழிகாட்டிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பட்டியலில் இருக்கும் சீனியருக்கே தன் பெயர் அதில் இருப்பது தெரியாத நிலையும் உண்டு. யார் என்று தெரியாதபோது கூட்டுத் தண்டனை கொடுக்கலாம் என்று ஒழுங்குமுறை சொல்வதும் எனக்கு உடன்பாடில்லாத இடம். நடந்ததைச் சொல்ல நினைக்கும் நல்ல சீனியரையும் அது மௌனத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது.

இடம் மாறிய அறை

மருத்துவக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். 2019-இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம், முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சியை வைத்தது. விளையாட்டு, மொழிப் பயிற்சி, மருத்துவமனை அறிமுகம், தொழில் நெறி என்று அதன் பொருள்கள் விரியும். அனாட்டமி கூடத்தில் நுழைவதற்கு முன், உடலைத் தானம் செய்தவருக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் பல கல்லூரிகளில் பரவியிருக்கிறது. வெள்ளைத் துணி மூடிய மேசைக்கு முன்னால், புதிதாகத் தைத்த கோட்டில் கஞ்சி விறைப்போடு நூறு பேர் நின்று, இந்த உடலை மதிப்போடு நடத்துவேன் என்று சொல்லும் அந்த இரண்டு நிமிடம், தேர்ட் பட்டன் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்ட எல்லாவற்றையும் கொடுக்கிறது: வாசலைத் தாண்டிவிட்டோம், இனிமேல் வேறு ஆள், இவர்களெல்லாம் என்னோடு தாண்டியவர்கள் என்ற உணர்வு. யாரும் யாருக்கு முன்பும் தலைகுனிந்து நிற்கவில்லை. குனிந்தால் எல்லோரும் சேர்ந்து அந்த மேசைக்கு முன்பு குனிகிறார்கள். நுழைவுச் சடங்கு என்பதே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சடங்கு இல்லாத இடத்தில் யாராவது ஒன்றை உருவாக்கிவிடுவார்கள், உருவாக்குபவர் பெரும்பாலும் நல்லவராக இருக்க மாட்டார்.

‘ரூமுக்கு வா’ என்ற அழைப்பும் வடிவம் மாறியிருக்கிறது. அட்மிஷன் முடிந்து கல்லூரி திறப்பதற்கு முன்பே சீனியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஜூனியர்களைச் சேர்த்துவிடுகிறார்கள். வாய்ஸ் நோட்டில் பாடு, நள்ளிரவு வீடியோ காலுக்கு வா, குழுவை விட்டு விலகினால் ஊரே ஒதுக்கும் என்ற மிரட்டல். 2025-இல் மானியக் குழு, ஜூனியர்களைத் துன்புறுத்த இப்படி நடத்தப்படும் குழுக்களும் ராகிங்தான் என்று கல்லூரிகளுக்கு எழுத வேண்டியிருந்தது. அறைக்கு இருந்த ஒரே நல்ல குணம், அதற்கு ஓர் எண்ணும் ஒரு கதவும் இருந்ததுதான். இப்போது பையன் தன் வீட்டில், அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போதே, சீனியரின் அறையில் இருக்கிறான்.

இந்த வழக்கிலிருந்து ஒரு விடுதிக் காப்பாளர் எடுத்துக்கொண்டு போகக்கூடியது, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நடத்த வேண்டிய அந்தக் கருத்தறிதல் தாளில் இருக்கிறது. ‘உங்களை யாராவது ராகிங் செய்தார்களா’ என்று கேட்டால் வரும் பதில் எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுதான்: இல்லை. அதற்குப் பதில், நேற்று இரவு யாரோடு சாப்பிட்டீர்கள், எட்டு மணிக்கு எங்கே இருந்தீர்கள், உங்கள் அறைத்தோழர் எங்கே இருந்தார் என்று கேட்கலாம். ‘தனியாக’, ‘தெரியாது’, ‘சீனியர் கூப்பிட்டார், போனான்’ என்ற மூன்று விடைகளில் ஏதாவது ஒன்று தாளில் இருந்தால், காப்பாளர் அன்றிரவே அந்த வராந்தாவில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.